இருபத்தாறாம் தேதி பிறந்தவர்

பிறந்த தேதி எதுக்குன்னு உங்க வீட்டுக்காரரு கேட்டாரே அக்கா, அப்ப நான் பதில் சொல்லாம நோட்டைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டேன். திமிருன்னு நினைச்சுக்காதீங்க. ஆம்பளைங்க நேரா நின்னு கேட்டா எனக்குப் பேச்சு வராது. நாக்கு உள்ள போயிரும். அதனாலதான் எங்க வீட்டுக்காரரு என்னைய இந்த மேசையில உட்கார வெச்சிருக்காரு. "எழுதற வேலைதானே, வாயே திறக்க வேண்டாம்"னாரு. பேரு, ஊரு, போன் நம்பர், பிறந்த தேதி, கையெழுத்து. அஞ்சு கட்டம். விரலை வெச்சுக் காட்டினாப் போதும், அவங்களே எழுதிருவாங்க.

இந்த பெஞ்சுல உட்காருங்கக்கா. அந்த ஓரம் ஆடும், இப்படித் தள்ளி வாங்க. இடுப்பு வலின்னு போகாம நின்னுட்டீங்க, அதுவும் நல்லதுதான். இந்த நாலு சக்கர பைக்கு முக்கால் மணி நேரம் போட்டுக் குலுக்கிரும். கல்யாணமான புதுசுல நான் ஒருக்கா உட்கார்ந்து போனேன். இறங்கினப்ப பல்லெல்லாம் இருக்கான்னு நாக்கால எண்ணிப் பார்த்தேன்.

உங்க பாப்பா பேரு மிதுனாங்களா? அப்பா முதுகை எப்படிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா, பார்த்தீங்களா! பயப்படாதீங்க. முன்னாடி வழி காட்டிட்டுப் போறது எங்க வீட்டுக்காரரு. அவரு மடியில ஒண்ணு உட்கார்ந்திருந்துச்சே, மஞ்சள் குல்லா போட்டுக்கிட்டு, அது எங்க கனிஷ்கா. ரெண்டரை வயசு. கனின்னு கூப்பிடுவோம். "கைப்பிள்ளையை வெச்சுக்கிட்டே ஓட்டறாரு, அப்ப ஒண்ணும் ஆகாது"ன்னு வர்றவங்களுக்கு ஒரு தைரியம் வருமாம். அதுக்குத்தான் அவளைத் தூக்கிட்டுப் போவாரு. பன்னெண்டு வயசுக்குக் கீழ ஏத்தக் கூடாதுன்னு ஆபீஸ் ஆர்டர்ல இருக்கு. உங்க பாப்பாவுக்கும் ஒன்பதுதானே? நான் எழுதலை. அந்த இடத்தை விட்டுட்டேன்.

ஆங், பிறந்த தேதி. சொல்றேன். ஓட்டறவங்களுக்கு வயசு நிறைஞ்சிருக்கான்னு பார்க்கறதுக்காக ஆபீஸ்ல அந்தக் கட்டத்தைப் போட்டாங்க. நான் அதை வேற ஒண்ணுக்கு வெச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்களும் பொம்பளை. நாளைக்கு ஊருக்குப் போயிருவீங்க.

இந்த வண்டி அஞ்சும் கடற்கரைப் பக்கம் ஒரு ரிசார்ட்டுல ஓடினது. அதை மூடினப்ப இவரு வாங்கிட்டு வந்தாரு. அஞ்சும் ஒரே சிவப்பு, ஒரே கம்பெனி. பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா அஞ்சு பிள்ளை பெத்த மாதிரி இருக்கும், எது எதுன்னு தெரியாது. இவரு ஓட்டற வண்டியில மட்டும் ஹேண்டில்ல மாரியம்மன் கோயில் கயிறு கட்டியிருக்கேன். அதுதான் அடையாளம். அப்ப வேற நம்பரு கிம்பரு ஒண்ணும் கிடையாது. ஏன்னா இது ரோட்டு வண்டி இல்லீங்க. ஆர்.சி. புக்கு தர மாட்டாங்க, ரோட்டுல இறக்கவும் கூடாது. காட்டுக்குள்ளயே ஏறி, காட்டுக்குள்ளயே இறங்கணும். மாட்டுக்குக் கூட காதுல வில்லை மாட்டி நம்பர் கொடுக்கறாங்க, என் வண்டிக்கு ஒண்ணும் இல்லையேன்னு இவரு சிரிப்பாரு.

அப்படியே ஓட்டிட்டிருந்தோம். போன சித்திரையில வேற ஒரு மலையில இதே மாதிரி வண்டி ஒண்ணு கவுந்திருச்சாம். யாரு, என்னன்னு எனக்குத் தெரியாது. டிவியில காட்டினாங்க, கனி அழுதான்னு நான் மாத்திட்டேன். அடுத்த வாரமே ஆர்டர் வந்துருச்சு. எல்லா இடத்துலயும் நிறுத்துங்க. ஒவ்வொரு வண்டியும் பதிஞ்சு, சோதனை பண்ணி, நம்பர் பலகை மாட்டினப்புறம்தான் ஓட்டணும்னு.

நாலு மாசம் அக்கா. அஞ்சு வண்டியும் தார்ப்பாய்க்குள்ள. அந்த நாலு மாசமும் மழை. நான் தோட்டத்துக்குக் காப்பிக் களை எடுக்கப் போனேன், கனியை மரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு. இவரு கீழே ஆபீசுக்கும் மேலே வீட்டுக்குமா ஏறி இறங்கினாரு. ஒரு நாள் படம் சரியில்லைம்பாங்க, ஒரு நாள் வரைபடம் வேணும்பாங்க. இவருக்கு மூக்கு மேல கோபம் வரும். ஆனா ஆபீஸ்ல காட்ட முடியுமா? வீட்டுல வந்து சாப்பாட்டுத் தட்டுகிட்டக் காட்டுவாரு. அதனாலதான் அந்த லைசென்ஸ் விஷயத்துல நான் எது சொல்றதுக்கும் பயந்தேன். லைசென்ஸ் வரணும், இந்த மனுஷன் பழையபடி சிரிக்கணும். எனக்கு வேற ஒரு வேண்டுதலும் இல்லை.

சத்தம் கேக்குதுங்களா? ரெண்டு வண்டியும் ஏத்தத்துல போகுது. சில்வர் ஓக்கு மரங்களைத் தாண்டியிருப்பாங்க. இன்னும் ஏறணும். ஏறி முடிச்சுத்தான் வெள்ளைப்பாறை இறக்கம். டீ குடிக்கறீங்களா? ஃபிளாஸ்க்குல இருக்கு. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு நாள் திடீர்னு வந்துட்டாரு. அன்னைக்குப் பார்த்து இவரு கீழே போயிட்டாரு, ஏதோ பேப்பர் கொடுக்க. இவரு அங்க வரிசையில நிக்கறாரு, அவங்க இங்க ஜீப்புல வந்து நிக்கறாங்க. நான் நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டு, கனியை இடுப்புல வெச்சுக்கிட்டு வெளிய வந்தேன்.

"ஓனர் யாரும்மா?"

நான் கீழ்ப் பக்கம் கையைக் காட்டினேன்.

"கீழேன்னா? பூமிக்குள்ளயா?"

கூட ஒரு டிரைவர் வந்திருந்தாரு, நல்ல குண்டு ஆளு, அவரு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. எனக்குக் காதெல்லாம் சுடுது. "ஆபீசுக்கு"ன்னு சொன்னேன். எனக்கே கேக்கலை.

"சரி, நீயாவது இருக்கியே. எங்க ஆபீஸ்ல எல்லாரும் இப்படிப் பேசினா எனக்குத் தலைவலியே வராது"ன்னாரு. நல்ல மனுஷன் அக்கா. ஒரு டீக்குக் கூட ஒத்துக்கலை.

இதோ இந்த முற்றத்துச் சரிவுலதான் சுண்ணாம்புல ஒரு கோடு போட்டாங்க. மேலே இருந்து வேகமா வரணும், கோட்டுக்கு முன்னாடி பிரேக் போட்டு நிக்கணும். வண்டி நின்ன வரிசையிலயே சீட்டு மேல சாக்பீஸால நம்பர் எழுதினாரு. ஜில்லா முழுக்க ஒரே வரிசையாம். எங்களுக்கு வந்தது பதினஞ்சுல இருந்து பத்தொன்பது வரைக்கும். கயிறு கட்டின எங்க வண்டி மூணாவதா நின்னுச்சு. அதுக்குப் பதினேழு.

எழுதினதுமே நான் மனசுக்குள்ள கூட்டிட்டேன். ஒண்ணும் ஏழும் கூட்டுங்க. எட்டு.

சிரிக்கறீங்க. பரவாயில்லை, இவரும் சிரிப்பாரு. எங்க அண்ணன் வண்டி நம்பரும் கூட்டினா எட்டுதான் அக்கா. பைக்கு. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுல நேரா போயிட்டான். இருபத்திரண்டு வயசு. பிரேக் கம்பி அறுந்து ஒரு மாசமா கட்டுக் கம்பியை முறுக்கித்தான் ஓட்டினான். அதை யாரும் பெருசாப் பேசலை. துக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் நம்பரைத்தான் கூட்டிப் பார்த்தாங்க. "அப்பவே யாராவது பார்த்திருக்கக் கூடாதா"ன்னு எங்க அம்மா மாரில அடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் அப்ப ஆறாவது. அந்த வருசத்தோட பள்ளிக்கூடம் நின்னுச்சு. கூட்டல் மட்டும் மறக்கலை. எந்த வண்டியைப் பார்த்தாலும் கூட்டிருவேன். நீங்க வந்த காரு, ஆறு. நல்ல நம்பர், சுக்கிரன்.

அந்தக் குண்டு டிரைவர் ஒவ்வொண்ணா ஓட்டினாரு. பதினஞ்சு நின்னுச்சு. பதினாறு நின்னுச்சு. எங்க வண்டி, பதினேழு, கோட்டுக்கு மூணு அடி முன்னாடியே ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. "இது வண்டி!"ன்னு இன்ஸ்பெக்டரே சொன்னாரு. அடுத்தது பதினெட்டு. அது வந்துச்சு, கோட்டைத் தாண்டுச்சு, தாண்டிக்கிட்டே போச்சு. அந்தப் பலாமரத்துகிட்ட விறகு அடுக்கியிருந்தேன், அதுல போய் முட்டித்தான் நின்னுச்சு. டிரைவர் குதிச்சு இறங்கினாரு. முகத்துல ரத்தமே இல்லை. "சார், இது எமனோட வாகனம் சார், எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு"ன்னாரு. கனி கையைத் தட்டினா, இன்னொரு தடவை பண்ணச் சொல்லி.

பத்தொன்பதும் நின்னுச்சு. அவ்வளவுதான்.

எந்த வண்டி எப்படி நின்னுச்சுன்னு இன்ஸ்பெக்டர் ஒரு பேப்பர்ல எழுதி எங்கிட்ட நீட்டினாரு. "இங்க பாரும்மா. பதினெட்டை ஷெட்டை விட்டு எடுக்கக் கூடாது. பிரேக்கைப் பிரிச்சு, புதுசு போட்டு, மறுபடி எனக்குக் காட்டணும். அதுவரைக்கும் எந்த வண்டிக்கும் லைசென்ஸ் இல்லை. வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுவியா?"

தலையாட்டினேன்.

"சொல்லுவியா, இல்லை அவர்கிட்டயும் தலையாட்டுவியா?"

"சொல்றேங்க."

மேலே இருந்து மஞ்சு மூட்டம் இறங்க ஆரம்பிச்சுருச்சு. அவங்களுக்கு இருட்டறதுக்கு முன்னாடி மலை இறங்கணும். நம்பர் பலகையெல்லாம் ஒரு சிமெண்டுச் சாக்குல இருந்துச்சு. அஞ்சு வண்டிக்கும் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. "சாக்பீஸ் நம்பரைப் பார்த்து மாட்டச் சொல்லு"ன்னு போட்டுட்டுப் போயிட்டாங்க.

நானே மாட்டினேன் அக்கா. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். இவருக்குச் சாமான் எடுத்துக் கொடுத்துக் கொடுத்துப் பழக்கம். பதினஞ்சு மாட்டினேன், பதினாறு மாட்டினேன். எங்க வண்டிகிட்ட வந்தப்ப கை ஓடலை. தினம் இதுல ஏறுறது யாரு? இவரு. மடியில யாரு? கனி. எட்டு நம்பரை என் கையாலயே அதுல முடுக்கறதா? பக்கத்துல பார்த்தா பதினெட்டு. ஒண்ணும் எட்டும் ஒன்பது. செவ்வாய், முருகனோட நம்பர். அவ்வளவு நல்ல நம்பர் அந்தக் கெட்ட வண்டிக்குப் போகுது. கெட்ட வண்டிக்குத்தானே கெட்ட நம்பர் போகணும்? துண்டால சாக்பீஸைத் துடைச்சுட்டு மாத்தி மாட்டிட்டேன். எங்க வண்டிக்குப் பதினெட்டு. விறகுல முட்டின வண்டிக்குப் பதினேழு. நாலு போல்ட்டு அங்க, நாலு போல்ட்டு இங்க. மனசுல இருந்து ஒரு அரிசி மூட்டை இறங்கின மாதிரி இருந்துச்சு.

ஏன் இப்படிப் பார்க்கறீங்க? முழுசாக் கேளுங்க.

இவரு சாயங்காலம் வந்தாரு. பேப்பரைப் படிச்சாரு. ஷெட்டுக்குப் போனாரு, வந்தாரு. "என் வண்டியா? என் வண்டியா நிக்கலை?"ன்னு ஒரே குதி. பதினெட்டு பலகை இப்ப அவரு வண்டியிலதானே இருக்கு. "அந்த ஆளு எதையோ எதிர்பார்த்து எழுதியிருக்கான். நீ என்ன பண்ணிட்டிருந்த? ஒரு வாய் டீ கொடுத்தியா? ஒரு வார்த்தை பேசினியா?"

சொல்லிரலாம்னு ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை கனி அழுதா. ரெண்டாவது தடவை தட்டு பறந்து வந்துச்சு. என் மேல இல்லை, செவுத்து மேலதான். அப்புறம் சொல்லலை. மெதுவா, "பதினேழு மட்டும் நீங்க ஓட்டாதீங்க, கூட்டினா எட்டு வருது"ன்னு மட்டும் சொன்னேன். அதைக் கேட்டுச் சிரிப்பு வந்துருச்சு அவருக்கு. "அடிப் பைத்தியமே, ஊருல இருக்கறவன் எல்லாம் எட்டு போட்டுக் காட்டித்தாண்டி லைசென்ஸே வாங்கறான், உனக்கு எட்டு ஆகாதா?"ன்னாரு. ஆனா கனி தலை மேல கையை வெச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னேன், பண்ணாரு. இன்னைக்கு வரைக்கும் பதினேழுல அவரு ஏறினதில்லை. ஷெட்டுல இருந்து முற்றத்துக்குக் கூடத் தள்ளிக்கிட்டுத்தான் வருவாரு. அந்த விஷயத்துல தங்கமான மனுஷன்.

ரெண்டு நாள் அவரு வண்டியை அக்குவேறா பிரிச்சாரு. கோணிச்சாக்கு விரிச்சு எல்லாத்தையும் பரப்பினாரு. பிரேக்கு எல்லாம் புதுசு, ஆயில் புதுசு. "ஒண்ணுமே கெடலையே, நல்லாத்தானே இருக்கு"ன்னு புலம்பிக்கிட்டே மாத்தினாரு. இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தாரு. அந்தக் குண்டு டிரைவர் பதினெட்டுல ஏற மாட்டேன்னுட்டாரு. இவரே ஏறி ஓட்டினாரு. கோட்டுக்கு அஞ்சு அடி முன்னாடியே நின்னுச்சு. இன்ஸ்பெக்டர் அசந்துட்டாரு. "அன்னைக்கு விறகுல போய் முட்டின வண்டியா இது!"ன்னாரு. நான் துண்டை வாயில வெச்சுக்கிட்டு உள்ள ஓடிட்டேன், சிரிப்பு தாங்கலை. ஒன்பது எப்படி வேலை செய்யுது பாருங்க! மாட்டின ஒரே வாரத்துல எங்க வண்டிக்குப் புது பிரேக்கு, ரெண்டு தடவை சோதனை, அதிகாரி வாயாலயே பாராட்டு.

லைசென்ஸ் அதோ, மேலே கண்ணாடிச் சட்டத்துல மாட்டியிருக்கு பாருங்க. அஞ்சு வண்டி நம்பரும் வரிசையா இருக்கு. சந்தனம் வெச்சது நான்தான்.

அதுக்கப்புறம் ஓட்ட ஆரம்பிச்சோம். மழை விடாததால வெள்ளைப்பாறைப் பாதை மூடியே கிடந்துச்சு. சின்னச் சுத்து மட்டும்தான், தோட்டத்துக்குள்ள, சமதரை. எட்டு அங்கயே வேலையைக் காட்டிருச்சு. முதல் நாள் பதினேழை எடுத்துட்டுப் போன புருஷன் பொண்டாட்டி உண்ணிச்செடிப் புதருக்குள்ள போயிட்டாங்க. அந்தப் பொண்ணு கையெல்லாம் கீறல். அடுத்து ஒரு காலேஜ் பையன், காப்பிச் செடி நாலை ஒடிச்சுட்டு நின்னான். "அக்கா, பிரேக் பிடிக்கவே இல்லை"ன்னான். எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. நான் இவருகிட்டச் சொன்னேன். அவரு பேப்பரைக் காட்டினாரு. "இதோ பாரு, பதினேழு, கோட்டுக்கு மூணு அடி முன்னாடி நின்னதுன்னு அந்த ஆளே கைப்பட எழுதியிருக்கான். டவுன்காரனுக்கு ஓட்டத் தெரியலைன்னா வண்டி என்ன பண்ணும்?"

எனக்குத் தெரியும் அது என்னன்னு. எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டேன். மிளகாயும் கரியும் கோர்த்துக் கட்டினேன். நிக்கலை. அப்புறம்தான் காலண்டர் பின்னாடி அட்டையில படிச்சேன். எட்டு, பதினேழு, இருபத்தாறு இந்த மூணு தேதியில பிறந்தவங்களை எட்டு ஒண்ணும் பண்ணாதாம். சொந்தக்காரங்க மாதிரி. நாலு, பதிமூணுல பிறந்தவங்களுக்குத்தான் எட்டு விரோதம்.

அன்னையில இருந்து நோட்டுல தேதியைப் பார்த்துத்தான் சாவியைக் கொடுக்கறேன். நாலாம் தேதிக்காரரு ஒருத்தர் பதினேழுதான் வேணும்னு பிடிவாதம் பிடிச்சாரு, அவருக்கு ராசியான நம்பராம். சாவியைக் காணோம்னு சொல்லிட்டேன். மேசைக்கு அடியில காலால மிதிச்சு மறைச்சுக்கிட்டேன். அவரு உசுரு என் காலுக்கு அடியில இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியாது.

பதினோரு நாள் பதினேழு வெளிய போகவே இல்லை. எட்டுக்காரங்க யாரும் வரலையே. காலையில இவரு கத்தினாரு. "ஏ மேகலா, இது மட்டும் ஏன் தூசி படிஞ்சு நிக்குது? வண்டி நின்னா பேட்டரி போயிரும்னு தெரியாதா? இன்னைக்குப் பாறைப் பாதையைத் திறக்கறோம், முதல்ல இதைத்தான் அனுப்பற"ன்னாரு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. அப்பத்தான் நீங்க வந்து இறங்கினீங்க. உங்க வீட்டுக்காரரு குனிஞ்சு எழுதறாரு. இருபத்தாறுன்னு.

நான் நிமிர்ந்து சிரிச்சேனே, பார்த்தீங்களா? ஆம்பளைங்களைப் பார்த்து நான் சிரிக்கறதே இல்லை. அப்பாடான்னு இருந்துச்சு. தெய்வமா அனுப்பி வெச்ச மாதிரி.

ஆமாங்க. பதினேழுதான் கொடுத்தேன். உங்க பாப்பா அவரு பின்னாடிதானே உட்கார்ந்திருக்கா, அவளுக்கும் அதுவே காப்பு.

உட்காருங்கக்கா. ஏன் எந்திரிச்சுட்டீங்க? போன் அடிச்சாப் போகாதுங்க, மேலே டவர் இல்லை. கீழ வந்தாத்தான் கிடைக்கும்.

எந்த வண்டியோட பிரேக்கை மாத்தினாருன்னா? அதான் சொன்னேனே. பதினெட்டோடது. எங்க வண்டி, கயிறு கட்டினது. இல்லீங்க, விறகுல முட்டினது அது இல்லை. அது வேற. அதுல இப்ப பதினேழு இருக்கு.

அதையா? அதை யாரும் பிரிக்கலை. அதுக்குத்தான் பேப்பர்லயே சரின்னு வந்துருச்சே.

கத்தாதீங்கக்கா. பேப்பர்ல இருக்கற பதினேழு... ஆமாங்க, அது எங்க வண்டி ஓடினது. மூணு அடி முன்னாடி நின்னது எங்க வண்டி. கோட்டைத் தாண்டினது... ஆனா நம்பரு...

இறக்கம் செங்குத்துதாங்க. பயப்படற மாதிரி இல்லை. இவரு முதல்ல இறங்கிருவாரு. கீழே பாறை விளிம்புல, பள்ளத்துக்கு முன்னாடி, மண்ணு போட்ட டயர் வரிசையா இருக்கும், அதுகிட்டப் போய் வண்டியைக் குறுக்கால போட்டு நிறுத்திக்குவாரு. பின்னாடி வர்றவங்க ஆசையில தாண்டிப் போயிரக் கூடாதுன்னு. அப்புறம் கையைக் காட்டுவாரு, அவங்க இறங்குவாங்க. நேரா அவரு முன்னாடி வந்து நிப்பாங்க. இதுவரைக்கும் யாரும்...

பின்னாடி வர்ற வண்டி நிக்கலைன்னா அங்க யாரு இருக்காங்கன்னா கேக்கறீங்க?

இவரு இருக்காரு. டயர்கிட்ட, குறுக்கால. மடியில கனி...

அக்கா. என் கையைப் பிடிங்க. அந்தத் திட்டு மேல ஏறினா இறக்கம் தெரியும், வாங்க. செருப்பை விடுங்க, ஓடுங்க. எனக்குக் கத்த வரலை, பாருங்க, காத்துத்தான் வருது. நீங்க கூப்பிடுங்க. மாதேசுன்னு கூப்பிடுங்க. அவரு பேரு மாதேசு. குறுக்கால நிக்காதேன்னு கத்துங்க. மாதேசு, கனியைத் தூக்கிட்டு இறங்கி ஓடுன்னு கத்துங்க.

நிறுத்துங்க, கொஞ்சம் நிறுத்துங்க. காதைக் கொடுத்துக் கேளுங்க. இவரு கீழே இறங்கி இஞ்சினை நிறுத்திட்டாருன்னா ஒரு சத்தம்தான் வரும். கேக்குதுங்களா? அது ரெண்டு வண்டிச் சத்தமா அக்கா, ஒண்ணா?